எண்பிக்கும் பொறுப்பு யாருக்கு? சராசரிச் சோதனையின் வரலாறு பற்றி

இலக்கியத்தில் வர்க்கம் உண்டு, வரலாற்றில் வர்க்கம் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளும் நம்மவர் பலர், எண்ணையும் சூத்திரத்தையும் கண்டதும் கைகட்டி நின்றுவிடுகின்றனர். இரண்டும் இரண்டும் நான்கு என்பதில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் வேறுபாடில்லை என்பது மெய்யே. எனினும் எதனை எதனோடு கூட்டுவது, எதனை முதலில் மெய்யெனக் கொள்வது, ஐயம் எழுமிடத்து அதன் பயனை யாருக்கு அளிப்பது என்பவற்றைக் கூட்டலும் கழித்தலும் தீர்மானிப்பதில்லை. அவற்றை மனிதர் தீர்மானிக்கின்றனர். குறித்த காலத்தில், குறித்த தொழில் உறவுகளுக்குள் வாழ்ந்த மனிதர் தீர்மானிக்கின்றனர்.

உயர்தர வகுப்புப் புள்ளிவிபரவியல் நூலைத் திறந்து, ஒரு குடித்தொகையின் சராசரி பற்றிய கருதுகோளைச் சோதிக்கும் முறையைப் பாருங்கள். (கணித நூல்கள் இடை எனக் கூறுவதையே இங்கு வழக்குச் சொல்லாகிய சராசரி என்பதாற் குறிக்கிறோம்.) முதலில் ஒரு கூற்றை மெய்யெனக் கொள்ளுமாறு நூல் பணிக்கும், இதற்குச் சூனியக் கருதுகோள் என்று பெயர். அதற்கெதிரே மாற்றுக் கருதுகோள் ஒன்றை நிறுத்தும். பின்னர் 5 சதவீதம் என்றோ 1 சதவீதம் என்றோ பொருண்மை மட்டம் ஒன்றைக் குறிக்கும். மாதிரி ஒன்றை எடுத்து, அதன் சராசரி கருதப்பட்ட சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது எனக் கண்டு, அவ்விலகலைத் தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க விலகலால் வகுக்கும். வரும் எண் எல்லையைத் தாண்டினால் சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்படும்; தாண்டாவிடின், நிராகரிப்பதற்குப் போதிய சான்றில்லை என்று கோவை மூடப்படும்.

இது நீதிமன்ற நடைமுறையை ஒத்திருப்பதை வாசகர் உணர்ந்திருப்பர். எதிரி சுற்றவாளி என்ற ஊகத்துடன் விசாரணை தொடங்குகிறது. குற்றத்தை எண்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநரைச் சார்ந்தது. ஆனால் நீதிமன்றத்தில் எதிரிக் கூண்டில் நிற்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். சராசரிச் சோதனையில் ‘சுற்றவாளி’ என்ற ஊகத்தின் பாதுகாப்பைப் பெறுபவர் யார் என்பதை மாணவர் கேட்பதில்லை, நூலும் சொல்வதில்லை. கணக்கிடுவதற்கு முன்பே, சோதனையை அமைக்கும்போதே, அந்தப் பாதுகாப்பு ஒருவருக்கு வழங்கப்பட்டுவிடுகிறது. இம்முறை வளர்ந்த வரலாற்றை நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

வரலாற்றில் இதற்கு முன்னோடியாகக் கருதத்தக்கது இங்கிலாந்தின் நாணயச் சோதனையாகும். பிக்ஸ் என்பது பெட்டியைக் குறிக்கும் சொல். அரச நாணயசாலையில் அச்சிடப்படும் பொன், வெள்ளி நாணயங்களிலிருந்து குறித்த தொகைக்கு ஒன்றாக எடுத்து அப்பெட்டியுள் இட்டுப் பூட்டிவைப்பர். காலத்துக்குக் காலம் பெட்டி திறக்கப்பட்டு, பொற்கொல்லர் அடங்கிய நடுவர் குழுவின் முன்னிலையில் நாணயங்கள் நிறுக்கப்படும், உருக்கிப் பார்க்கப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய இவ்வழக்கம் இன்றும் லண்டனில் பொற்கொல்லர் மண்டபத்தில் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. மாதிரி உண்டு; கருதப்பட்ட நிறை உண்டு; இவ்வளவு விலகலைப் பொறுக்கலாம் என்ற எல்லையும் உண்டு. சூத்திரம் மட்டுமே இல்லை.

இங்கு யாருக்கும் யாருக்குமிடையே வழக்கு? மன்னனுக்கும், அவனிடம் ஒப்பந்த அடிப்படையில் நாணயம் அடித்துக் கொடுத்த நாணயசாலைத் தலைவனுக்கும் இடையே. நாணயத்தைக் கையில் வாங்கும் உழவனோ கைவினைஞனோ இதில் ஒரு கட்சிக்காரன் அல்லன். பொறுக்கத்தக்க விலகல் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. ஒரு நிறைக்கு இவ்வளவு என வைத்து, நூறு மடங்கு நாணயத்துக்கு நூறு மடங்கு விலகலை அனுமதித்தனர். ஆனால் தற்செயலான வழுக்கள் அவ்வாறு பெருகுவதில்லை. ஒரு நாணயம் சற்றுக் கூடுதலாகவும் மற்றொன்று சற்றுக் குறைவாகவும் இருந்து ஒன்றையொன்று ஈடுசெய்வதால், நூறு நாணயங்களின் மொத்த நிறையில் எதிர்பார்க்கத்தக்க விலகல் ஒரு நாணயத்தின் விலகலைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கேயாகும். நூற்றின் வர்க்கமூலம் பத்து. ஆகவே, பெட்டி நிறைய நிறைய, நாணயசாலைத் தலைவனுக்குக் கிடைத்த சலுகை தேவைக்கு மிஞ்சியதாகவே வளர்ந்தது. வர்க்கமூல விதியை 1730களில் ஆபிரகாம் டி மொயிவர் தெளிவுபடுத்திய பின்னரும் சோதனையின் எல்லைகள் உடனே திருத்தப்படவில்லை.

1699 முதல் 1727இல் இறக்கும்வரை அப்பதவியை வகித்தவர் ஐசாக் நியூற்றன். 1710இல் நடைபெற்ற சோதனையில் அவருடைய பொன், ஒப்புநோக்கும் தகட்டின் தூய்மைக்குக் குறைவாகக் காணப்பட்டது. பொன்னில் குறையில்லை, 1707இல் செய்யப்பட்ட அத்தகடே அளவுக்கு மீறித் தூய்மையாக்கப்பட்டது என்று அவர் வாதிட்டார். அதாவது, சோதனையின் முடிவைவிட்டு, எந்த எண்ணுக்கெதிராகச் சோதித்தார்களோ அந்த எண்ணையே கேள்விக்குள்ளாக்கினார். வாதம் பலித்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே அறிஞர் கருதுகின்றனர். ஆனால் அவ்வாறு வாதாடுவதற்கு நியூற்றனாக, நாணயசாலைத் தலைவராக இருக்கவேண்டியிருந்தது என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி இருநூறு ஆண்டுகளைத் தாண்டி டப்ளின் நகருக்கு வருவோம். இடையிலே லாப்லாசும் கௌசும் வானியல் அவதானிப்புகளின் வழுக்களைப் பற்றிய பெருங் கோட்பாட்டைக் கட்டியெழுப்பினர். கெற்றலே என்ற பெல்ஜியர் அதனை மனிதர்மீது ஏற்றிச் ‘சராசரி மனிதன்’ ஒருவனைப் படைத்தார். அவை தனியே எழுதத்தக்கவை. நமக்கு இங்கு வேண்டுவது ஒன்றே: அக்கோட்பாடுகள் பெருந்தொகையான அவதானிப்புகளுக்கே பொருந்தின. ஆயிரம் சிப்பாய்களின் மார்பளவு கையில் இருந்தால் சராசரியைப் பற்றி உறுதியாகப் பேசலாம். நான்கே அளவீடுகள் உள்ளவன் என்ன செய்வது?

இக்கேள்வி பல்கலைக்கழகத்தில் எழவில்லை. சாராய உற்பத்தி முதலாளித்துவத்தின் நடுவிலே எழுந்தது. கின்னஸ் நிறுவனம் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய பியர் வடிசாலை. அயர்லாந்து அப்பொழுது பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை அந்நிறுவனம் விஞ்ஞான அறிவுடைய வடிப்பாளராகச் சேர்த்துக்கொண்டது. 1899இல் அவ்வாறு சேர்ந்தவர் வில்லியம் சீலி கொசெற். கணிதமும் இரசாயனமும் கற்றவர், வயது 23. பார்லியும் ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவும் வாங்கும்போது அவற்றின் தரத்தைச் சில கூறுகளை மட்டும் எடுத்துச் சோதித்தே அறியவேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் நாளும் பணமும் செலவாகும். ஆயிரம் சோதனை செய்து அறிவது நிறுவனத்துக்குக் கட்டாது.

1904இல் அவர் நிறுவனத்தின் உள்ளே சுற்றுக்கு விட்ட அறிக்கை ஒன்றில் பின்வருமாறு ஒரு கணக்கு வருகிறது. முளைதானியத்திலிருந்து பெறும் வெல்லச் சாற்றின் அளவு பீப்பாய்க்கு 133 பாகையாக இருத்தல் வேண்டும், 0.5 பாகைக்கு மேற்பட்ட வழு ஏற்படலாகாது. இரண்டு அளவீடுகளின் சராசரியை எடுத்தால் வழு அந்த எல்லைக்குள் அடங்குவதற்கான வாய்ப்பு 4க்கு 1. மூன்றெடுத்தால் 7க்கு 1. நான்கெடுத்தால் 12க்கு 1. ஐந்தெடுத்தால் 19க்கு 1. எத்தனை போதும்? கொசெற் இக்கேள்வியைக் கணிதத்தின் கேள்வியாக மட்டும் கருதவில்லை. எவ்வளவு உறுதி தேவை என்பது, பிழைபட்டால் எவ்வளவு பணம் நட்டமாகும், மேலும் ஒரு பரிசோதனை செய்ய எவ்வளவு செலவாகும் என்பவற்றைப் பொறுத்தது என்று அவர் கருதினார். லண்டனில் கார்ல் பியர்சன் என்ற புள்ளிவிபரவியற் பேராசிரியருக்கு அவர் எடுத்துரைத்த கருத்தும் இதுவே. நாம் இதனை மிகவும் மதிக்கிறோம். முதலாளித்துவ நிறுவனத்தின் ஊழியர், தாம் யாருக்காகக் கணக்கிடுகிறார், நட்டம் யாருடையது என்பதை ஒளிக்காமற் சொல்லிவிட்டார். பின்னர் வந்த நூலாசிரியர் பலரிடம் இந்த நேர்மை இல்லை.

1906-07இல் பியர்சனுடைய ஆய்வுகூடத்தில் பயின்று, 1908இல் ‘பயோமெற்றிக்கா’ இதழிலே கொசெற் வெளியிட்ட கட்டுரைதான் சிறிய மாதிரிகளின் சராசரியைச் சோதிக்கும் முறைக்கு அடிப்படை. ஒரு மாதிரியின் நியம விலகல், அதாவது எண்கள் தம் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவு, மாதிரியிலிருந்தே மதிப்பிடப்படுகிறது. மாதிரி சிறிதாயின் அம்மதிப்பீடே தள்ளாடும். ஆகவே செவ்வன் பரம்பல் என்னும் பழைய மணி வடிவ வளையியைக்கொண்டு எல்லை குறித்தால் உண்மைக்கு மீறிய உறுதி நமக்கு வந்துவிடும். அவர் கண்ட புதிய வளையி நடுவில் சற்றுத் தாழ்ந்து இரு புறங்களிலும் தடித்தது. மாதிரி சிறுக்கச் சிறுக்க எல்லை தூரப் போகும். அறியாமைக்கு ஒரு விலை குறித்தார் எனலாம்.

கட்டுரையில் ஆசிரியர் பெயர் ‘மாணவன்’ என்றே உள்ளது. தன் ஊழியர் ஆய்வுகளைச் சொந்தப் பெயரில் வெளியிடுவதை நிறுவனம் விரும்பவில்லை. போட்டி நிறுவனங்கள் விழித்துக்கொள்ளும் என்ற அச்சம். உலகமெங்கும் மாணவர் இன்றும் ‘மாணவனின் t’ என்று உச்சரிக்கும் பெயர் வணிக இரகசியத்தின் வடு. எனினும் கொசெற்றுக்காக நாம் மிகவும் கண்ணீர் விடவேண்டியதில்லை. நல்ல ஊதியம் பெற்று, உயர் பதவி வகித்து, நிறுவனத்தின் லண்டன் வடிசாலையின் தலைமை வடிப்பாளராக 1937இல் அவர் மறைந்தார். அவர் யாரென்பது துறையினருக்கு நெடுங்காலமாகத் தெரிந்தே இருந்தது.

பெயர் தெரியாமலே போனவர் வேறு சிலர். தம் வளையியைச் சரிபார்க்கக் கொசெற்றுக்கு ஒரு பெரிய குடித்தொகை தேவைப்பட்டது. இங்கிலாந்துச் சிறைகளிலிருந்த 3000 கைதிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரலின் நீளத்தையும் குறித்த அட்டவணை ஒன்று, 1902இல் அதே இதழில் வெளியான மக்டொனல் என்பவரின் கட்டுரையில் இருந்தது. கொசெற் அவ்வெண்களை 3000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகள் ஆக்கினார். கணினி இல்லாத காலத்தில் இது வியக்கத்தக்க உழைப்பு. இன்று கணினியிற் செய்யப்படும் ஒரு வழிமுறையின் முன்னோடியும் ஆகும். ஆனால் அந்தக் கைதிகள் விஞ்ஞானத்துக்காக விரல் நீட்டியவர் அல்லர். குற்றவாளியை அடையாளம் காண்பதற்கும், குற்றவாளியின் உடல் ஏனையோர் உடலிலிருந்து வேறுபட்டதா என்று காண்பதற்கும் அரசு அளந்த விரல்கள் அவை.

அக்கட்டுரையின் முதல் எடுத்துக்காட்டு இதனிலும் துயரமானது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த மனநோயாளர் விடுதியில், குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் நித்திரை மருந்துகளைப் பரிசோதித்து 1905இல் முடிவை வெளியிட்டனர். பத்து நோயாளிகள், மருந்து இல்லாத இரவுகளோடு ஒப்பிட ஒவ்வொருவரும் எத்தனை மணி மேலதிகமாகத் துயின்றனர் என்பது கணக்கு. முதல் மருந்தின் எண்கள் இவை: 0.7, குறை 1.6, குறை 0.2, குறை 1.2, குறை 0.1, 3.4, 3.7, 0.8, 0, 2.0. சராசரி 0.75 மணி. மருந்தினாற் பயனேயில்லை என்றால் உண்மைச் சராசரி சூனியம். 0.75 என்பது சூனியத்திலிருந்து தற்செயலாக விலகக்கூடிய தூரமா? கொசெற்றின் விடை: மருந்து நித்திரையைக் கூட்டுகிறது என்பதற்கு நிகழ்தகவு 0.887. ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று, உறுதி போதாது. இரண்டாவது மருந்தின் சராசரி 2.33 மணி, வாய்ப்பு ஏறத்தாழ 400க்கு 1. இரண்டு மருந்துகளுக்குமிடையிலான வேறுபாட்டையும் அவ்வாறே ஒற்றை மாதிரியாக்கி நோக்கினார்: சராசரி 1.58 மணி, இரண்டாவதே சிறந்தது என்பதற்கு 666க்கு 1.

இன்றைய நூல்கள் விதிக்கும் ஒற்றை மாதிரிச் சோதனையின் எலும்புக்கூடு முழுவதும் இதிலுண்டு. சூனியம் என்ற கருதப்பட்ட சராசரி, பத்து எண்கள், அவற்றின் சிதறல், ஒரு வளையி. நிராகரி, நிராகரியாதே என்ற கட்டளை மட்டும் இல்லை. வாய்ப்பைச் சொல்லிவிட்டு முடிவை வாசகனிடம் விட்டுவிடுகிறார். இன்னொரு செய்தியும் உண்டு. கொசெற் மருந்துகளின் பெயர்களை மாற்றி எழுதிவிட்டார். மூலக் கட்டுரையிற் பரிசோதிக்கப்பட்ட மருந்து ஒன்று. கொசெற்றின் அட்டவணைத் தலைப்பிலுள்ள மருந்து வேறொன்று. 1925இல் றொனால்ட் பிஷர் இவ்வட்டவணையைத் தம் நூலில் எடுத்தாண்டபோது பிழையும் கூடவே வந்தது. எண்கள் சரி, வகுத்தல் சரி, எதை விழுங்கினார்கள் என்பது மட்டும் பிழை. மூன்றாவது நோயாளி பெண்ணா ஆணா, மருந்தின்பின் 0.2 மணி குறைவாகத் துயின்ற அவ்விரவுகள் எவ்வாறு கழிந்தன என்பதைக் கட்டுரை கூறாது. நூற்றாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் தோறும் அச்சேறிவரும் எண்கள் இவை.

கொசெற்றின் அளவை இன்றைய t வடிவத்துக்குக் கொண்டுவந்தவரும், அதற்கு நிறைவான கணித நிறுவலை 1915இல் வெளியிட்டவரும் பிஷரே. மேதை என்பதில் ஐயமில்லை. றொதம்ஸ்ரெட் வேளாண்மை நிலையத்தில் அவர் பணியாற்றிய காலத்தில் எழுதிய 1925ஆம் ஆண்டு நூலில், இருபதில் ஒன்று என்ற எல்லையை வசதியானதென எடுத்துக்கொண்டார். வசதி என்பதே காரணம். இயற்கை விதி எதுவும் 5 சதவீதத்தைக் கட்டளையிடவில்லை. பண நட்டத்தைப் பொறுத்து எல்லையை நகர்த்த வேண்டும் என்ற வடிப்பாளரின் எண்ணம் அமிழ்ந்து போயிற்று. எல்லாத் துறைக்கும், எல்லா வழக்குக்கும் ஒரே மதிற்சுவர் எழுந்தது. சூனியக் கருதுகோள் என்ற பெயரைத் தம் 1935ஆம் ஆண்டு நூலிற் சூட்டியவரும் அவரே. அந்நூலில் ஒரு சீமாட்டி வருகிறார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே கூறமுடியும் என்கிறார்; எட்டுக் கோப்பைகள் வைத்துச் சோதிக்கின்றனர். அக்கோப்பைகளில் இருந்த தேயிலையைக் கொய்தவர் யார் என்ற கேள்வி அப்பரிசோதனைக்கு வேண்டப்படாதது.

ஜெர்சி நெய்மனும், கார்ல் பியர்சனின் மகனான ஈகன் பியர்சனும் 1928 முதல் எழுதிய கட்டுரைகளில், சிறப்பாக 1933ஆம் ஆண்டுக் கட்டுரையில், வேறொரு வழி காட்டினர். கருதுகோள் ஒன்றைத் தனியே நிறுத்தி விசாரிப்பதிற் பொருளில்லை. அதற்கு எதிரே நிற்பது எது என்பதையும் கூறவேண்டும். அப்பொழுது இரு வகையான பிழைகள் தோன்றும். மெய்யானதை நிராகரித்தல் ஒன்று. பொய்யானதை நிராகரியாது விடுதல் மற்றொன்று. குற்றமற்றவனைத் தண்டிப்பது பெரிதா, குற்றவாளியை விடுவிப்பது பெரிதா என்ற நீதிமன்ற உவமையை அவர்களே எடுத்தாண்டனர். இரண்டுக்குமிடையே சமநிலையை எங்கு வைப்பது என்பதைக் கணிதம் கூறாது. ஆய்வாளனே தீர்மானிக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டனர். பிஷர் இதனை ஏற்கவில்லை. ஆயுளிறுதிவரை கடுமையாகச் சாடினார். இன்றைய பாடநூலில் உள்ள படிமுறையோ இருசாராரையும் கேளாது நடத்திவைத்த கலியாணம். சூனியக் கருதுகோள் பிஷர் வீட்டது. மாற்றுக் கருதுகோள் நெய்மன் வீட்டது. பிறந்த பிள்ளையைத்தான் நாம் வகுப்பறையில் வளர்க்கிறோம். இம்முறையைக் கண்மூடிப் பின்பற்றுவதன் கேட்டை அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கமே 2016இல் அறிக்கை வெளியிட்டு எச்சரித்தது.

இவ்வறிஞரின் சமுதாய நோக்கை மறைத்துவிட்டு மேலே செல்ல முடியாது. கார்ல் பியர்சன் இளமையிற் சோசலிசம் பற்றி விரிவுரையாற்றியவர். அவரே பின்னர் இனவிருத்திக் கொள்கையின் போதகரானார். லண்டனில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகளை அளந்து, அவர்களின் சராசரிகளைக் கொண்டு குடிவரவுக்கு எதிராக வாதிட்ட ஆய்வு 1925இல் அவருடைய இதழில் வெளிவந்தது. பிஷரும் இனவிருத்திக் கொள்கையினரே. 1950களின் பிற்பகுதியில், புகைத்தலே சுவாசப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் என்ற முடிவை அவர் எதிர்த்தார். புகையிலை உற்பத்தியாளரின் ஆலோசகராகவும் இருந்தார். எண்பிக்கும் பொறுப்பு நோயாளியிடம் இருந்தது. சுற்றவாளி என்ற ஊகம் சிகரெட்டுக்குக் கிடைத்தது. பியர்சன், கோல்ற்றன் ஆகியோரின் பெயர்களைத் தன் கட்டடங்களிலிருந்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2020இல் நீக்கிவிட்டது. பெயரை நீக்கலாம்; சோதனையை நீக்கவியலாது, நீக்கவும் வேண்டியதில்லை. கருவி எதிர்க்கட்சிக்காரன் செய்தது என்பதற்காக அதனை அவனிடமே விட்டுவிடுவது அறிவுடைமையாகாது.

இக்கருவி இலங்கைக்கு வந்ததும் தேயிலை வழியாகவே. பிஷருடன் றொதம்ஸ்ரெட்டில் 1927இல் கட்டுரை எழுதிய ரி. ஈடன் என்பவர் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றி, தேயிலை விளைச்சற் பரிசோதனைகளில் நேரும் வழுக்களைப் பற்றி 1931இல் எழுதினார். பாத்திகளின் விளைச்சல் என அங்கு கணக்கிடப்பட்டது கொழுந்தின் நிறை. அந்நிறை ஒவ்வொன்றும் ஒரு கூடையின் நிறை. கூடை ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் முதுகில் வந்தது. எந்த உரம் துரைமாருக்கு இலாபம் தரும் என்பதை ஐயத்துக்கிடமின்றி அறிவதற்கு உலகின் அதி நவீன முறை தலவாக்கலைக்கு வந்து சேர்ந்தது. அதே கொழுந்துத் தராசைப் பற்றிய கேள்விக்கு அம்முறையை யாரும் பயன்படுத்தியதாக நாம் கண்ட நூல்களில் இல்லை.

தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் நிறைக்கும் இலையிலுள்ள நீருக்கும் எனக் கிலோக் கணக்கிற் கழித்துவிடுவதும், குறித்த நிறைக்குக் கொய்யாதவருக்கு முழு நாட்கூலி இன்றி அரைப்பேர் போடுவதும் மலையகத்தில் நெடுங்காலமாகக் கேட்கும் முறைப்பாடு. கற்பனைத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒவ்வொரு நிறுவையிலும் 2 கிலோ கழிக்கப்படுகிறது என்க. சாக்கும் நீரும் சேர்ந்து உண்மையிற் சராசரியாக எவ்வளவு? சோதனையை அமைக்க வேண்டும். வழக்கப்படி, உண்மைச் சராசரி 2 கிலோ என்பது சூனியக் கருதுகோள்; 2 கிலோவிற் குறைவு என்பது மாற்றுக் கருதுகோள். ஒன்பது சாக்குகளைச் சோதிக்கிறோம். சராசரி 1.7 கிலோ, நியம விலகல் 0.5 கிலோ. 0.5ஐ ஒன்பதின் வர்க்கமூலமாகிய 3ஆல் வகுக்க 0.167. விலகலாகிய குறை 0.3ஐ அதனால் வகுக்க t குறை 1.8. ஒன்பது எண்களுக்கு 5 சதவீத மட்டத்தில் எல்லை குறை 1.86. தாண்டவில்லை. ஆகவே நிர்வாகத்தின் கழிவு தவறென்று கூறப் போதிய சான்றில்லை!

இம்முடிவில் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று பாருங்கள். பொருண்மை மட்டத்தை 10 சதவீதமாக வைத்திருந்தால் எல்லை குறை 1.40, கழிவு நிராகரிக்கப்பட்டிருக்கும். குறைவா என்று கேளாமல் வேறுபாடு உண்டா என்று மட்டும் கேட்டிருந்தால் எல்லை 2.31க்குப் போயிருக்கும்; தொழிலாளியின் வழக்கு மேலும் பலவீனப்பட்டிருக்கும். எல்லாவற்றினும் முதன்மையானது, 2 கிலோ என்ற எண் சூனியக் கருதுகோளின் ஆசனத்தில் எவ்வாறு அமர்ந்தது என்பதாகும். கழிப்பவரே எண்பிக்க வேண்டும். சாக்கும் நீரும் சராசரியாக 2 கிலோவிற் குறைவு என்பதே முதற்கொள்கை என்று திருப்பி அமைத்தால், 1.7 என்ற சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நிர்வாகமும் எந்த மட்டத்திலும் வெல்ல முடியாது. எண்கள் மாறவில்லை. பொறுப்பு இடம் மாறியது.

நட்டமும் சிறிதன்று. உண்மைச் சராசரி 1.7 எனில் நிறுவைக்கு 0.3 கிலோ போகிறது. நாளுக்கு மூன்று நிறுவை, மாதத்துக்கு 25 நாள் என்றால் ஒரு பெண்ணுக்கு 22.5 கிலோ, இருநூறு பெண்களுக்கு மாதம் 4500 கிலோ கொழுந்து. கொசெற் கேட்ட கேள்வியை இங்கு கேட்டால், மெய்யான கழிவை நிராகரிக்கும் பிழையால் நிர்வாகம் இழப்பது எவ்வளவு, பொய்யான கழிவை விட்டுவைக்கும் பிழையால் அரைப்பேர் வாங்கும் பெண் இழப்பது எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பார்த்த பின்னரே மட்டத்தைக் குறிக்க முடியும். இருபதில் ஒன்று என்ற வசதி யாருடைய வசதி?

மாதிரியைப் பற்றியும் கூற வேண்டும். காலைக் கொழுந்து பனியிலும் மழையிலும் நனைந்தது. மத்தியானக் கொழுந்து உலர்ந்தது. கணக்கப்பிள்ளை காலைச் சாக்குகளை மட்டும் எடுத்து வைத்தால் நீரின் நிறை கூடும். தொழிற்சங்கத்தார் மத்தியானச் சாக்குகளை மட்டும் எடுத்தால் குறையும். மாதிரி எழுமாறாக எடுக்கப்பட வேண்டும் என்று நூல் ஒரு வரியில் எழுதிவிடுகிறது. தோட்டத்தில் அந்த ஒரு வரிக்காகத்தான் சண்டை நடக்கும்.

ஒன்பதுக்குப் பதிலாக 36 சாக்குகளைச் சோதித்து, சராசரியும் சிதறலும் முன்போலவே வந்தால், t குறை 3.6 ஆகும், எல்லை குறை 1.69. வழக்கு ஐயத்துக்கிடமின்றித் தீர்ந்துவிடும். ஆனால் 36 சாக்குகளிலும் கொழுந்தைக் கொட்டி, நீரை உலர்த்தி, சாக்கை வேறாக நிறுத்துக் கணக்கெழுத ஒரு நாளின் பெரும்பகுதி போய்விடும். தராசு நிர்வாகத்தின் தராசு. நிறுக்கும் கொட்டிலும் நிர்வாகத்தினது. அந்த நாளுக்கு அப்பெண்களுக்கு முழுப்பேர் விழுமா என்பதைச் சோதனை தொடங்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.